வேர்க்காத கண்ணாடி

எங்கள் கல்லூரியில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொழில்முனைவு என்று ஒரு பாடம் உண்டு. நடத்த யாரும் முன்வராததால் அது என்னிடம் வந்து சேர்ந்தது. நான் வெப்பவியல் நடத்துகிறவள். வாழ்க்கையில் ஒரு பொருளைக்கூட விற்றதில்லை. பேரம் பேசத் தெரியவில்லை என்று மீன்காரியே என்னைக் கேலி செய்வாள். ஆனால் பரீட்சை கிடையாது, விடைத்தாள் திருத்த வேண்டியதில்லை என்றார்கள். ஒத்துக்கொண்டேன்.

மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஊருக்குள் போக வேண்டும். யாருக்காவது உண்மையிலேயே இருக்கிற ஒரு தொந்தரவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தீர்க்கிற பொருளை வடிவமைத்து, பட்டறையில் செய்து, காசு கொடுத்து வாங்க ஒருவரையாவது பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். வருகிற யோசனைகள் வருடா வருடம் ஒரே மாதிரி இருக்கும். உப்பு வாரும் எந்திரம், கருவாடு காயப்போடும் கூண்டு, துறைமுகத்து லாரிகளுக்கு ஒரு ஆப். அதனால் அந்த வருடம் ஒரு குழு வந்து சொன்னதை முதலில் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

"ஐஸ் பெட்டி மேம்" என்றாள் குழுவின் தலைவி. தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்த பெண். பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள்.

"மீனுக்கா?"

"இல்ல மேம். ஆளுக்கு."

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் ஒரு மகனாவது வளைகுடாவிலோ கப்பலிலோ இருப்பான். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அவன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் வாடகை ஐஸ் பெட்டி. ஆள் நீளத்துக்கு ஒரு தகரப் பெட்டி, மேலே கண்ணாடி மூடி, அடியில் குளிர்சாதன இயந்திரம். முன்னறையில் வைத்து மின்சாரத்தில் சொருகிவிடுவார்கள். அவள் கண்டுபிடித்த தொந்தரவு கண்ணாடியில் இருந்தது. கடல் காற்றில் எப்போதும் ஈரம். பெட்டி குளிரக் குளிரக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்த்துப் பனி மூடிவிடும். முகம் தெரியாது. யாராவது ஒருவர் துண்டை வைத்துக்கொண்டு துடைத்தபடியே இருக்க வேண்டும்.

"கடைசியா மொகத்தப் பாக்கத்தான மேம் வாராங்க? அதுவே தெரியலன்னா?"

அவளோடு இரண்டு பையன்கள். ஒருவன் காயல்பட்டினம். அவனுடைய வாப்பா துபாயில் இருந்தார். "எங்க வீடுகள்ல அன்னைக்கே அடக்கிருவோம் மேம், பெட்டிக்கு வேலையே இல்ல. அதனால எனக்குப் பயமும் இல்ல, பாசமும் இல்ல. செலவுக் கணக்க நான் பாத்துக்கிடுதேன்" என்றான். இன்னொருவன் புன்னைக்காயல். அதிகம் பேச மாட்டான். வெல்டிங் வைத்தால் தையல் போட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கக் காரணமும் கிடைக்கவில்லை. தொந்தரவு உண்மை. வாங்க ஆளும் தயாராக இருந்தார். பந்தல், நாற்காலி, மைக் செட்டோடு ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடுகிற ஒரு அண்ணாச்சி. நாங்கள் நால்வரும் அவர் கடைக்குப் போனபோது அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிக் குடுக்க வாரவன் பூராவும் இதத்தான் சொல்லுதான். அண்ணாச்சி, கண்ணாடி வேர்க்கு, மொகம் தெரியலன்னு. நீங்க அத மட்டும் நிப்பாட்டிக் குடுங்க, இருக்கிற பெட்டி எல்லாத்துக்கும் மாட்டிருதேன். பழசு ஒண்ணு சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போங்க."

மறுநாளே 'சின்ன யானை' என்கிற குட்டி லாரியில் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் பட்டறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

பட்டறை என்றால் எண்ணெயும் இரும்புத் தூளும் மணக்கும் இடம். அன்று மத்தியானத்துக்குள் அங்கே பன்னீர் வாடை வந்துவிட்டது. ஊதுபத்தி வாடையும் சேர்ந்தே வந்தது. பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தண்ணீர் வெளியேறும் துவாரம் அடைத்திருந்தது. புன்னைக்காயல் பையன் கம்பியை விட்டுக் குத்தினான். உள்ளிருந்து கறுத்துப்போன மல்லிகைப் பூக்கள் கொத்தாக வெளியே வந்தன. எத்தனையோ வீட்டு மல்லிகை. அவன் அவற்றைக் குப்பையில் போடவில்லை. ஒரு காகிதத்தில் அள்ளிக்கொண்டுபோய் வெளியே வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தான். பட்டறை உதவியாளர் அன்றிலிருந்து அந்த மூலையைக் கூட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கூட்டுதேன் மேடம், அந்தப் பெட்டி இங்கருந்து போகட்டும்" என்றார்.

சோதனை செய்ய வேண்டுமானால் பெட்டிக்குள் ஏதாவது இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய கேன்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். குளிர்காற்று உடலைச் சுற்றிப் போகிற மாதிரியே போக வேண்டும் என்று அவற்றின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தினார்கள். வெறும் கேன்களாக இருந்தவரை ஒன்றுமில்லை. வேட்டி போர்த்திய பிறகு யாரும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

சுவிட்சைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் பனி வந்தது. கண்ணாடி முழுக்க ஒரேயடியாக வரவில்லை. தலைமாட்டில், முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, ஒரு கை அகலத்துக்கு வட்டமாக வந்தது. அங்கிருந்து மெல்லப் பரவியது. குளிர்காற்று ஊதுகிற விசிறி தலைமாட்டில் இருப்பதுதான் காரணம் என்று அடுத்த நிமிடமே கண்டுபிடித்துவிட்டோம். பிறகு உள்ளே போதுமான அளவு குளிர்ந்ததும் இயந்திரம் தானாக நின்றது. பனி ஓரங்களிலிருந்து சுருங்கி அந்த வட்டத்துக்குள் வந்தது. இயந்திரம் மறுபடி ஓடியது. வட்டம் விரிந்தது. நின்றது. சுருங்கியது.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாகப் பட்டறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. நால்வரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூச்சு" என்றான் காயல்பட்டினத்துப் பையன். 

அதோடு போகவில்லை. பனி நன்றாகப் படிந்ததும் கண்ணாடியில் கைகள் தெரிந்தன. உள்ளங்கைகள், விரல்கள், வளையல் அழுந்திய கோடுகள். நான்கு விரல்கள் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போன தடம் ஒன்று. கால்மாட்டில் மிகச் சிறிய கை ஒன்று. கழுவிய கண்ணாடிதான். கையின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது, அந்த இடங்களில் பனி வேறு மாதிரிப் படியும். இதை நான் அவர்களுக்கு விளக்கினேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது. தலைவி ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு கையாக அழித்தாள். அந்தச் சிறிய கையைக் கடைசியாக அழித்தாள்.

பெட்டியைப் பயன்படுத்தியவர்களிடம் பேசிவிட்டு வரவேண்டும் என்பது பாடத்தின் விதி. புன்னைக்காயல் பையன் தன் தெருவிலேயே ஒரு வீட்டைச் சொன்னான். அந்த வீட்டு அம்மாளின் கணவர் முந்தைய வருடம் இறந்திருந்தார். மூத்த மகன் கப்பலில் இருந்ததால் பெட்டி வைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். சாயங்காலத்துக்கு முந்தைய நேரம், கோயில் பக்கமிருந்து பிள்ளைகள் விளையாடும் சத்தம். அந்த அம்மாள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே பேசினார்.

"கண்ணாடி வேர்த்து உங்களுக்குச் சிரமமா இருந்துச்சா?" என்று கேட்டாள் தலைவி.

"அது வேர்வை இல்ல மக்கா. அவிய மூச்சு விட்டாவ."

சொல்லிவிட்டு ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

"நான் சொன்னேன், யாரும் நம்பல. கிறுக்குப் புடிச்சிட்டுன்னு நெனைச்சாவ. நீ வேணும்னா நம்பாண்டாம். நான் தொடைப்பேன், அவிய விடுவாவ. நான் தொடைப்பேன், அவிய விடுவாவ. மவன் வாரவரைக்கும் அப்படியேதான் பேசிக்கிட்டு இருந்தோம்."

தலைவி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அந்த அம்மாளே கேட்டார். "இப்ப நீங்க என்ன செய்யப் போறிய?"

"இனிமே வேர்க்காம செய்யப் போறோம்மா."

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு டீ போட எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தலைவி உறுதியாகச் சொன்னாள். "பாத்தீங்களா மேம், எவ்வளவு மோசமான பிரச்சினைன்னு? செத்தவர் மூச்சு விடுதாருன்னு ஒரு மனுஷி நம்பிருக்காங்க. இத நாம கட்டாயம் தீத்தாகணும்." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. புன்னைக்காயல் பையன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

தீர்வு அழகாக வந்தது. கண்ணாடி லேசாகச் சூடாக இருந்தால் பனி படியாது. ஆனால் சூடாக்க மின்சாரம் செலவழித்தால் அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். அப்போதுதான் காயல்பட்டினத்துப் பையன் சொன்னான், பெட்டிக்கு அடியிலிருந்து சூடான காற்று வீணாக வெளியே போகிறதே, அதை எடுத்தால் என்ன என்று. ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டு இரண்டு மெல்லிய கண்ணாடிகளைக் கட்டைவிரல் அகல இடைவெளியில் பொருத்தினார்கள். அடியிலிருந்து ஒரு குழாய், சின்ன விசிறி. வெப்பக் காற்று அந்த இடைவெளிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த நாளில் அதை ஓடவிட்டோம். சுவரே வேர்க்கிற ஈரம். கண்ணாடி மட்டும் தெளிவாக இருந்தது. உள்ளே போர்த்திய வேட்டியின் இழைகளை எண்ணலாம் போலிருந்தது. மூவரும் கை தட்டினார்கள். நான் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சுடவில்லை, ஆபத்தில்லை என்றேன்.

அண்ணாச்சி வந்து பார்த்தார், மிகவும் சந்தோஷப்பட்டார். அந்த மூடியைத் தன் புதுப் பெட்டி ஒன்றில் மாட்டச் செய்து எடுத்துக்கொண்டு போனார். வகுப்பில் அந்த வருடம் முதலில் விற்ற பொருள் அதுதான்.

என் அப்பா இறந்தது அதற்குப் பிந்திய வாரத்தில்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். நோயாளி இல்லை. காலையில் சவரம் செய்து, குளித்து, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா காபியோடு வந்தபோது பேப்பர் கீழே கிடந்தது. தெருவிலேயே இருக்கிற டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தம்பி கத்தாரில் இருந்தான். விமானம் பிடித்து மறுநாள் காலைதான் வர முடியும் என்றான்.

செய்தி கேள்விப்பட்டு அண்ணாச்சியே போன் செய்தார். "மேம், நீங்க ஒண்ணும் பேசாண்டாம். உங்க வீட்டுக்குப் புதுசத்தான் அனுப்புதேன்."

அதில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பெட்டி வந்தது. ஆட்கள் அப்பாவை உள்ளே கிடத்தினார்கள். மூடியை மூடினார்கள். ஒருவன் சுவிட்சைப் போட்டான். அடியிலிருந்து அந்தச் சின்ன விசிறியின் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

இவ்வளவு தெளிவாக ஒரு சாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மூக்கில் வைத்த பஞ்சின் இழைகள் தெரிந்தன. காலையில் சவரக்கத்தி பட்ட இடத்தில் ஒரு புள்ளி ரத்தம் காய்ந்திருந்தது. வந்தவர்கள் மாலையோடு குனிந்து பார்த்துவிட்டு, பழக்கத்தில் துடைக்கக் கையைக் கொண்டுபோய், துடைக்க ஒன்றும் இல்லாமல் கையை இழுத்துக்கொண்டார்கள். யாரும் நிற்கவில்லை. பார்த்தார்கள், சட்டென்று விலகினார்கள். பெட்டியைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும் அல்லவா, எங்கள் வீட்டில் பெட்டியைச் சுற்றி வெறும் தரை தெரிந்தது.

அம்மா மட்டும் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு. யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவள் அழவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மத்தியானம் கடந்த நேரம். அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. மற்ற கையையும் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள்.

"ஏளா, இங்க வா" என்றாள் என்னைப் பார்த்து. "தொட்டுப் பாரு."

தொட்டேன்.

"சூடு இருக்குல்லா?"

"ம்."

"ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு இம்புட்டு நேரம் ஆச்சு. இன்னும் ஒடம்பு கதகதன்னு இருக்குன்னா என்னளா அர்த்தம்? டாக்டரக் கூப்பிடு. சரியாப் பாக்காம போயிட்டாரு அந்த மனுஷன்."

அருகே இருந்த சித்தி வந்து தொட்டாள். கையைச் சுட்டுக்கொண்டவள் போல உதறினாள். "ஆமா, சூடு இருக்கு" என்றாள். அந்தச் சொல் முன்னறையிலிருந்து வராந்தாவுக்கும் அங்கிருந்து தெருப் பந்தலுக்கும் போனது. விலகி நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணாடியைத் தொட்டார்கள். தொட்டவர்கள் அடுத்தவரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே அப்பா அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பக்கத்தில், தூங்குகிறவர் போலக் கிடந்தார். இமை அசைந்தது என்று ஒருவர் சொன்னார். சித்தப்பா "தொறந்து பாத்திருவோம்" என்று மூடியின் கொக்கியில் கையை வைத்தார்.

நான் சொல்லியிருக்கலாம். இது என் மாணவர்கள் செய்தது, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வெப்பக் காற்று ஓடுகிறது, அவ்வளவுதான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? என் கை கண்ணாடியின் மேலேயே இருந்தது. அப்போது என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. வருடா வருடம் வெப்பவியல் வகுப்பில் நான் முதலில் சொல்லும் விஷயம், குளிர் என்று ஒன்றை யாரும் உண்டாக்குவதில்லை என்பது. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே போடுகிறோம், மிச்சம் இருப்பதற்குப் பெயர் குளிர். அப்படியானால் அடியிலிருந்து வருகிற இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? மின்சாரத்தின் சூடு இருக்கும். அறையின் சூடு கொஞ்சம் இருக்கும். மீதி அப்பாவுடையது. காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த அந்த உடம்பின் சூட்டை இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, ஒரு குழாய் வழியாகக் கொண்டுவந்து, அம்மாவின் கைக்குக் கீழே ஓடவிட்டுக்கொண்டிருந்தது. அம்மா சொன்னதில் ஒரு பங்கு உண்மை. அதைத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.  கையை எடுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் மாணவர்கள் மூவரும் மாலையோடு வாசலில் வந்து நின்றார்கள்.

தலைவி கூட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடி மேல் இருந்த கைகளைப் பார்த்தாள். சித்தப்பாவின் கை கொக்கியில் இருப்பதைப் பார்த்தாள்.  மாலையைக் காயல்பட்டினத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு நேராக வந்து என் காலடியில் மண்டியிட்டாள். பெட்டிக்கு அடியில் கையைவிட்டு அந்த விசிறியின் ஒயரை உருவினாள்.

சத்தம் நின்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் எழுந்திருக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி மெல்லக் குளிர்ந்தது. தொட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். பிறகு தலைமாட்டில், அப்பாவின் வாய்க்கு நேர் மேலே, அந்த வட்டம் வந்தது. மங்கலாகத்தான் வந்தது. விரிந்தது. உதடு மறைந்தது, மூக்கு மறைந்தது, மூடிய கண்கள் மறைந்தன. கொக்கியிலிருந்து சித்தப்பாவின் கை தானாக இறங்கியது.

அம்மா கன்னத்தை எடுத்து நிமிர்ந்தாள். அந்த வட்டத்தையே பார்த்தாள். அது சுருங்குவதைப் பார்த்தாள். மறுபடி விரிவதைப் பார்த்தாள்.

"போயிட்டாவ" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே துண்டை எடுத்துத் துடைத்தாள். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தாள். சித்தி வந்து உட்கார்ந்தாள், துண்டை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியைச் சுற்றித் தரை தெரியாமல் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். துண்டு கைமாறிக்கொண்டே இருந்தது. துடைக்கும்போது மட்டும் முகம் ஒரு கணம் தெரியும், "என் ராசா" என்று யாராவது சொல்வார்கள், மறுபடி மூடிக்கொள்ளும். நானும் துடைத்தேன். துடைத்த இடத்தில் பனி திரும்பி வரும் அந்தச் சில நொடிகளில் அவரிடம் ஏதாவது சொல்ல முடிந்தது. தெளிவான கண்ணாடிக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தையும் வந்திருக்கவில்லை.

போகும்போது தலைவி என் காதருகே, "தம்பி வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒயரச் சொருகிருங்க மேம்" என்றாள்.

அப்படியே செய்தேன். விடிந்து வெயில் ஏறிய பிறகு வாசலில் கார் சத்தம் கேட்டதும் ஒயரைச் சொருகினேன். தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தபோது கண்ணாடி தெளிந்திருந்தது. அவன் அப்பாவை முழுசாகப் பார்த்தான். அம்மா தன் கைகளைக் கண்ணாடியிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. அவளும் அந்தச் சூட்டைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

நான் கல்லூரிக்குத் திரும்பியபோது, அண்ணாச்சியிடமிருந்து திரும்ப வாங்கி வந்த மூடியைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த விசிறிக்கு வெளியிலிருந்தே போடக்கூடிய ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய வரைபடத்தில் இல்லாதது. யாரும் அதைப்பற்றி என்னிடம் அனுமதி கேட்கவில்லை. புன்னைக்காயல் பையன் மட்டும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எங்க தெரு அம்மா அன்னைக்கே சொன்னாங்கல்லா மேம்" என்றான். அவன் அந்தப் பாடத்தில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு தொழிலதிபர் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணாடி வேர்ப்பது குறை என்கிறீர்கள். அதைத் தீர்த்துவிட்டு, குறையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறீர்களே, இது என்ன வடிவமைப்பு?" என்று கேட்டார்.

"எந்த வீட்டுக்கு எது வேணும்னு எங்களுக்குத் தெரியாது சார்" என்றாள் தலைவி.

அவர் சிரித்துவிட்டார். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர்கள் தொழில் செய்ய முடியாது என்றார். சுமாரான மதிப்பெண் போட்டார். அந்த வருடப் பரிசு கருவாட்டுக் கூண்டுக்குப் போனது. நான் அவர் போட்டதை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து தலைவி சென்னையில் வேலைக்குப் போனாள். காயல்பட்டினத்துப் பையன் வாப்பாவிடம் துபாய்க்குப் போனான். புன்னைக்காயல் பையன் எங்கும் போகவில்லை. ஒரு வெல்டிங் கடையின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து மூடி செய்கிறான். அண்ணாச்சி வாங்குகிறார். நாசரேத்திலும் திருச்செந்தூரிலும் கேட்கிறார்களாம். வழியில் பார்த்தபோது அண்ணாச்சியிடம் கேட்டேன், சுவிட்சை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று.

"சில வீட்டுல போடச் சொல்லுதாவ, சில வீட்டுல அமத்தச் சொல்லுதாவ. ஒரே வீட்டுலயே ரெண்டையும் சொல்லுதாவ. நமக்கு என்ன மேம், பெட்டி போய்ட்டுப் பத்திரமா வந்தாச் சரி."

போன வருடம் கூட வேலை பார்க்கிற ஒருவரின் வீட்டில் சாவு. திருச்செந்தூரில், விடுதிகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் வீடு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். தெருவெல்லாம் பச்சை வேட்டிக் கூட்டம், மேளம். வீட்டுக்குள் நுழைந்தால் சத்தம் பாதியாகக் குறைந்தது. முன்னறையில் ஐஸ் பெட்டி. கண்ணாடி துளிகூட வேர்க்காமல் இருந்தது. உள்ளே இருந்தவர் நடுவயதுக்காரர். அவருடைய மனைவியாக இருக்க வேண்டும், என்னை முன்பின் தெரியாத ஒரு பெண், கண்ணாடியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் வெளியே பந்தலில் இருந்தார்கள்.

சுவிட்ச் என் கால் பக்கத்தில் இருந்தது. புன்னைக்காயல் பையனின் வெல்டிங் தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

காலடிச் சத்தம் கேட்டு அந்தப் பெண் கண்ணைத் திறந்தார். நான் யார் என்று கேட்கவில்லை.

"தொட்டுப் பாருங்க" என்றார். "சூடு இருக்கு, பாத்தியளா?"

நான் கையை வைத்தேன்.

"இருக்கு" என்றேன்.

அவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.